கிண்ணியாப் பக்கத்து ஆற்றில் இயந்திரப் படகுகளைத் தடைசெய்யலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவைச் சுற்றி ஓடும் ஆற்றிலும் களப்பிலும் இயந்திரப் படகுகள் கண்மண் தெரியாத வேகத்தில் போகின்றன. கரை இடிந்து விழுகிறது. மட்டி எடுக்கிறவர்கள் தண்ணீரில் நின்று வேலை செய்ய முடியவில்லை. கரையோர வீடுகளில் சத்தம் தாங்க முடியவில்லை. ஆகவே ஊருக்குள் இயந்திரப் படகுகளை அடியோடு தடைசெய்யச் சொல்லி ஒரு மனு எழுதுகிறீர்கள். சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா, வேறு ஊர்களில் செய்திருக்கிறார்களா, மனுவில் என்ன எழுதலாம்?

கட்டுப்படுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேறு ஊர்களில் படகு வேகத்தைக் கட்டுப்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் ‘அடியோடு’ என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். சிறு படகும் கரையோர வேலையுமாக இந்த மாவட்டத்திலேயே காலம் கழித்தவன் நான். கரையை இடிப்பது அலை. அலையைக் கிளப்புவது பிழையான இடத்தில் பிழையான வேகம். கேட்க வேண்டியது வேகக் கட்டுப்பாடு. என்ஜினையே தடைசெய்யச் சொன்னால் மனு தோற்கும். தப்பித்தவறி வென்றால் பாதிக்கப்படுவது நம்முடைய ஏழை மீனவர்கள்தான்.

முதலில் அலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கிண்ணியாப் பாலத்தின் அடியில், கரையோரமாக ஒரு காலையில் நின்று பாருங்கள். பதினெட்டு அடி பைபர் போட் ஒன்று, பின்னால் பதினைந்து குதிரைவலு என்ஜின். முழு வேகத்தில் வரும்போது போட் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு வரும். கரையில் ஆட்களைக் கண்டதும் ஓட்டுகிறவர் மரியாதைக்கு வேகத்தைப் பாதியாக்குவார். அந்த நேரத்தில் அணியம் மேலே தூக்கும், பின்பக்கம் அமிழும், பின்னால் இரண்டு பக்கமும் கொழுத்த அலை புறப்படும். போட் போய்க் கொஞ்ச நேரம் கழித்து அந்த அலை கரைக்கு வரும். முதலில் தண்ணீர் கரையை விட்டுப் பின்வாங்கும், பிறகு வரிசையாக அடிக்கும். கட்டிவைத்த வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டும். கரையோரத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் போல் கலங்கும். அது தெளிவதற்குள் அடுத்த போட் வந்துவிடும்.

ஓட்டுகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் வேகத்தைக் குறைத்தார். ஆனால் பாதி வேகம்தான் மிக மோசமான வேகம். அந்த நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றரைத் தாண்டும்போது தன் அலையின் மேல் தானே ஏற முயல்கிறது. என்ஜினின் வலுவெல்லாம் அலையாகப் போகிறது. தண்ணீரின் ஆழமும் இதில் சேர்கிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் மணிக்கு 11 கிலோமீற்றரை நெருங்கும்போதும், இரண்டு மீற்றர் ஆழத்தில் 16 கிலோமீற்றரை நெருங்கும்போதும் அலை பெருக்கும். நம் களப்பும் ஆற்றோரமும் பெரும்பாலும் இந்த ஆழம்தான். ஆகவே ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைத்தால் போதாது. எல்லோரும் பத்துக்கும் பதினாறுக்கும் இடையில்தான் வந்து நிற்பார்கள். எவ்வளவு மெதுவாக என்று எண் போட்டுச் சொல்ல வேண்டும்.

அலையின் உயரம் இரட்டித்தால் அதன் சக்தி நான்கு மடங்கு. பத்து சென்ரிமீற்றர் அலைக்குப் பதில் முப்பது சென்ரிமீற்றர் அலை வந்தால் கரை வாங்கும் அடி ஒன்பது மடங்கு. ‘நடு ஆற்றால் போகச் சொல்லுங்கள், கரைக்கு ஒன்றும் ஆகாது’ என்று சிலர் சொல்வார்கள். படகு அலை அவ்வளவு சுலபமாக அடங்காது. ஆழமான நீரில்கூட எட்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால்தான் உயரம் பாதியாகும் என்பது கணக்கு. அகலமான கொட்டியாரக் குடாவில் அந்த யோசனை சரி. ஒடுங்கிய ஆற்றில் தள்ளிப் போக இடம் எங்கே?

நம் பக்கத்துக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வற்றுப்பெருக்கு அதிகமான நாடுகளில் படகு அலை ஒரு நேரம் மேலும் ஒரு நேரம் கீழுமாகப் பரந்து அடிக்கும். இங்கே நாள் முழுக்க அதே ஒரு சாண் உயரத்தில் அடிக்கிறது. கரையின் அடி குடையப்பட்டு மேல்மண் தொங்கிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாரி மழையில் ஊறியதும் அந்தத் தொங்கல் பொத்தென்று விழுகிறது. கண்டல் மரங்கள் நிற்கிற இடத்தில் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வள்ளம் ஏற்றவும் வீட்டுக்கு முன்னால் வெளிச்சம் வரவும் கண்டலை வெட்டிய இடங்களில்தான் முதலில் இடியும்.

இதைச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டும்: கரை இடிவதற்கு முழுப் பழியையும் என்ஜின் மேல் போடாதீர்கள். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து நம் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. 1976இல் பொல்கொல்லையில் அதைத் திருப்பினார்கள், எண்பதுகளில் விக்டோரியா போன்ற பெரிய அணைகள் வந்தன. அணைக்குப் பின்னால் மணல் தங்கும்; கீழே வரும் ஆறு மணலுக்குப் பசித்து வருகிறது. அந்தக் குறைந்த மணலையும் மகாவலிக் கரையில் அனுமதியோடும் அனுமதியில்லாமலும் அள்ளுகிறார்கள். ஆற்றின் அடி தாழ்ந்தால் கரை தானாகச் சரியும். உங்கள் மனுவில் இதைச் சொல்லாமல் விட்டால், மாவட்டச் செயலகக் (கச்சேரி) கூட்டத்தில் ஒரு பொறியியலாளர் எழுந்து ‘மணல் எடுப்பதைப் பற்றி ஏன் எழுதவில்லை?’ என்று கேட்பார். மனு அங்கேயே படுத்துவிடும். நீங்களே முதலில் எழுதுங்கள்.

மட்டி பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் நியாயம். தம்பலகாமக் குடா சாதாரணமான நீர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கெலார்ட் என்ற மருத்துவர் இங்கே வந்து கண்ணாடிச் சிப்பியையும் அதில் விளையும் முத்தையும் ஆராய்ந்து எழுதினார். இன்றைக்கும் இந்தக் குடாவின் மட்டியை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடித்துத்தான் தின்கின்றன. தண்ணீர் ஓயாமல் கலங்கிக் கிடந்தால் அவற்றின் வயிற்றுக்குச் சேறுதான் போகும். ஆழமில்லாத இடத்தில் என்ஜினின் காற்றாடி கடற்புல்லை வேரோடு வெட்டி நீளக் கோடு போட்டுவிடும். அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அதோடு இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்கிற ஒருவரைப் படகில் வருகிறவர் காண்பது கஷ்டம். மட்டி எடுக்கும் திடல்களுக்கு மட்டும் ‘என்ஜினைத் தூக்கிவிட்டுத் தடி ஊன்றிப் போ’ என்று விதி கேட்டால் நான் முதல் கையெழுத்துப் போடுவேன்.

சத்தமும் புகையும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்களின் பிரச்சினை. அவற்றில் ஊற்றும் எரிபொருளில் கிட்டத்தட்ட கால் பங்கு எரியாமலே தண்ணீருக்குப் போகிறது. நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினால் பெரும்பகுதி தீரும். ஆனால் விலை? அதற்கு மானியமோ தவணைக் கடனோ கேட்காமல் ‘மாற்று’ என்று கட்டளை போடுவது நியாயமில்லை.

இனி, தடை கேட்பது ஏன் பிழை என்று சொல்கிறேன்.

இந்தக் கரையில் என்ஜினுக்குத் தடை என்பது புதிய கதை அல்ல. யுத்த காலத்தில் வடக்குக் கிழக்கில் எத்தனை குதிரைவலு என்ஜின் வைத்திருக்கலாம், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. பாஸ் இல்லாமல் வலை நனையாது. மீன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அங்கே போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய், சுற்றுச்சூழலுக்காக மறுபடியும் என்ஜினைக் கழற்று என்று சொன்னால், அவர்கள் காதில் விழுவது பழைய கட்டளைதான். அந்த வலி நியாயமானது. அதனால்தான் விதியை எழுதும்போது அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய்க் கதையையும் மறந்துவிடாதீர்கள். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன என்ஜின்காரர் அன்றைக்கு வாங்கிய அடியிலிருந்து சுலபமாக எழும்பவில்லை. ஆனால் இதிலேயே உங்களுக்குச் சாதகமான ஒரு வாதமும் இருக்கிறது: கரையோரம் மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம். ஊர் எல்லைக்குள் மட்டும் மெதுவாகப் போனால் நாளுக்குச் சில நிமிடம்தான் கூடும். இதைச் சங்கத்தில் ஓர் அனுபவசாலி மீனவர் வாயால் சொல்ல வையுங்கள். நீங்களும் நானும் சொல்வதைவிட எடுபடும்.

வெள்ளத்தையும் நினையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறியபோது ஆட்களைக் கரைசேர்க்க என்ஜின் பூட்டிய படகுகள் தேவைப்பட்டன. அந்த நேரத்தில் துடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரில் என்ஜினும் அதை ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கத்தான் வேண்டும்.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் கடவையில் நடந்ததை எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. 2021 நவம்பர் 23 காலையில் அந்த இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். பழைய பாலம் போய்ப் புதிய பாலம் முடியாமல் கிடந்த காலம் அது. அங்கே குறைவாக இருந்தது தடை அல்ல. படகைப் பரிசோதித்து, இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கண்டிப்பாகச் சொல்லி, பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போட்டுவிட ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. உங்கள் மனுவில் வேகத்தோடு பயணிகள் படகின் பாதுகாப்பையும் சேருங்கள். கரை இடிவதைவிட அது அவசரமானது.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரி. அங்கே வேகப் படகுகள் தொல்லையாகிவிட்டன. என்ஜினைத் தடைசெய்யவில்லை, 10 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 18.5 கிலோமீற்றர் என்று எல்லை போட்டார்கள். உபவிதி 2000இல் உறுதியானது, ஆனால் 2005 மார்ச்சில்தான் அமுலுக்கு வந்தது. வேகப் படகை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு தொழிலுக்கு மாற ஐந்து ஆண்டு அவகாசம். பயணிகள் படகுகள் இன்றைக்கும் அங்கே ஓடுகின்றன. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

வெனிஸ் நகரத்தில் படகு அலை வீடுகளின் அத்திவாரத்தையே தின்கிறது. சிறு கால்வாய்களில் மணிக்கு 5 கிலோமீற்றர்தான் எல்லை. பெரிய உல்லாசக் கப்பல்களை 2021 ஓகஸ்ட் 1 முதல் நகரின் நடுவே விடுவதில்லை. ஆனாலும் வேக எல்லையை மீறுவது அங்கே தீராத தலைவலி. கண்காணிக்க ஆள் இல்லாத விதி எங்கேயும் ஓடாது.

பக்கத்துக் கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 75 பேர் ஏறும் சூரிய மின்படகு 2017 முதல் ஓடுகிறது. சத்தமில்லை, புகையில்லை. நம்முடைய குறுகிய கடவைகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நம் நாட்டிலேயே பலப்பிட்டிய மாதுகங்கையைப் போய்ப் பாருங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2003இல் சேர்ந்தது. ஆனால் சுற்றுலா இயந்திரப் படகுகள் கண்டலுக்கு நடுவே ஓடியபடியே இருக்கின்றன, ஊரின் பிழைப்பும் அதில்தான். ஒரு தொழில் முழுக்க என்ஜினில் வளர்ந்த பிறகு கட்டுப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அது உதாரணம். நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகளைப் போல ஒரு பெரிய சுற்றுலா வரிசை இந்த ஆற்றுக்குள் வருவதற்கு முன்பே விதி போட்டுவிடுவது நல்லது.

சட்டத்துக்கு வருகிறேன். ஒரே கதவைத் தட்டினால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் இந்த நீருக்குச் சொந்தக்காரர்கள் பலர். மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. ஒரு நீர்ப்பரப்பைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாக அறிவித்து, மீனவர்களையே கொண்ட குழு அமைக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. மீன்பிடியோடு சம்பந்தமில்லாத படகுகளுக்குப் பொறுப்பு வேறு அலுவலகம். கரை என்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம். அதன்படி கரையோர வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரும். ஆறும் களப்பும் கடலோடு சேரும் இடத்தில் வாயிலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரை போகும். உங்கள் ஊர் நீரில் ஒரு பகுதி இதற்குள் அடங்கும். துறைமுக எல்லைக்குள் துறைமுக அதிகாரசபையும் கடற்படையும் இருக்கின்றன. நகரசபையும் பிரதேச சபையும் உபவிதி போடலாம், ஆனால் அனுமதி பெற்று வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும்.

நான் சொல்லும் வழி: மனுவை அரசாங்க அதிபருக்கு முகவரியிட்டு, பிரதியை மற்ற எல்லோருக்கும் போடுங்கள். எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடிய கதிரை அதுதான். கையெழுத்து கிண்ணியாவிலிருந்து மட்டும் போனால் ‘ஒரு ஊர்ப் பிரச்சினை’ என்று ஒதுக்குவார்கள். ஆலங்கேணி, தம்பலகாமம், வெள்ளைமணல், மூதூர் சங்கங்களிடமும் போங்கள். ஒரே தண்ணீர்தானே.

மனுவில் என்ன விதி கேட்பது? குடியிருப்புக் கரை, பாலத்தடி, கடவை, மட்டித் திடல் ஆகிய இடங்களில் மணிக்கு 6 கிலோமீற்றர். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. அந்த வேகத்தில் பதினெட்டு அடிப் படகு கிளப்பும் அலை மிகச் சிறியது. அதைவிட முக்கியம், அளக்கச் சுலபம்: 6 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 100 மீற்றர். கரையில் நூறு மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பம் நடுங்கள். முதல் கம்பத்திலிருந்து இரண்டாவதுக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் வேகம் அதிகம். கருவி வேண்டாம், கைத்தொலைபேசி போதும். ஓட்டுகிறவருக்கும் அதே கணக்கு தெரியும். மாரியில் ஆறு பெருகி ஓடும்போது எதிர்நீச்சல் போடும் படகுக்கு இந்த எல்லை பொருந்தாது, திசை திருப்பக்கூட வலு போதாது. வெள்ளக் காலத்துக்கும் மீட்புக்கும் நோயாளி ஏற்றுவதற்கும் விலக்கு எழுதுங்கள். குடாவின் திறந்த நீரில் மீனவருக்கு எந்த எல்லையும் வேண்டாம். மகிழ்வுக்கு ஓடும் ஜெட் ஸ்கீ போன்றவை மட்டும் ஆற்றுக்குள்ளும் களப்புக்குள்ளும் வரவே கூடாது. அந்த ஒன்றுக்கு முழுத் தடை கேளுங்கள், யாருடைய பிழைப்பும் கெடாது. முதல் பருவம் எச்சரிக்கை மட்டும், அபராதம் அதற்குப் பிறகு. விதி வந்த செய்தியை வர்த்தமானி படிக்காதவருக்கும் சேர்க்க வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும், சங்கத்திலும் சொல்லுங்கள்.

கடைசியாக, கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். கரை இடியும் நாலைந்து இடங்களில் விளிம்பிலிருந்து உள்ளே அளந்து ஒவ்வொரு முளை அடியுங்கள். மாதம் ஒருமுறை முளையிலிருந்து விளிம்பு வரை நாடா பிடித்துக் கொப்பியில் எழுதி, அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். ஒரு முளையைப் படகு போகாத ஓடைப் பக்கமும் அடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இடிந்தால் காரணம் மணலும் வெள்ளமும். படகு போகும் பக்கம் மட்டும் அதிகமாக இடிந்தால் உங்கள் வாதம் நிலைத்துவிடும். வைகாசியில் தொடங்கினால் மாரிக்கு முன்னரே ஆறு மாத அளவு கையில் இருக்கும். முளை அடிக்கும் நாளை எனக்குச் சொல்லுங்கள், உடம்பு இடம் கொடுத்தால் நானும் வருகிறேன்.